முளை அடித்தும் மூட்டு ஏன் ஆடுகிறது?

கேள்வி: 16 மி.மீ. சதுரக் கம்பிகளை 10 மி.மீ. கனப் பட்டையில் வெல்டிங் இல்லாமல் பொருத்தி கேட் செய்கிறேன். கம்பி முனையை மெலித்து முளை அடித்து, துளையில் விட்டு, வெளிப்பக்கம் ரிவிட் போலத் தலை தட்டுகிறேன். ஆனால் தோளுக்கும் (முளை தொடங்கும் இடத்தில் கம்பியின் முழுக் கனம் படியாக நிற்கும் முகம்) பட்டைக்கும் இடையே இடுக்கு விழுகிறது, கம்பியும் ஆடுகிறது. தவறு எங்கே?

பதில்: தவறு தலையில் இல்லை, தோளில் இருக்கிறது. இந்த மூட்டில் கம்பியை அசையாமல் நிறுத்துவது தோளின் நான்கு பக்க முகம்தான். முளை அந்த முகத்தைப் பட்டையோடு இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தோள் சரியாக உட்காராத மூட்டில் எவ்வளவு பெரிய தலை தட்டினாலும் சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

முதலில் அளவு. 16 மி.மீ. கம்பிக்கு 10 மி.மீ. உருட்டு முளை பொருந்தும். முளையின் நீளத்தில் பட்டையின் கனத்துக்கு 10 மி.மீ. உருண்டைத் தலைக்கு முளை விட்டத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது 15. மொத்தம் 25 மி.மீ. துளை வாயின் சரிவுக்குள் அடங்கி மட்டமாக முடியும் கவுண்டர்சிங்க் தலைக்கு 7 அல்லது 8 மி.மீ. மிகுதி போதும். கம்பியின் குறுக்குப் பரப்பு 256 சதுர மி.மீ., முளையினுடையது சுமார் 78. அதனால் 8 மி.மீ. நீளக் கம்பியே நீண்டு 25 மி.மீ. முளையாகிவிடும். ஆனாலும் கம்பி முனையிலிருந்து 15 மி.மீ. விட்டுக் குறியிடுங்கள். 8 மி.மீ. துண்டில் சுத்தியல் அடி சரியாக விழாது. அதோடு, அடிக்கும்போது முனை மீன்வாய் போலக் குழிந்து பிளக்கும்; நீளம் மிகுதியாக இருந்தால் அந்தப் பகுதியை அறுத்துத் தள்ளிவிடலாம்.

குறியில் ஃபுல்லர் என்ற அரைவட்ட முனையுள்ள கருவியை வைத்து, மஞ்சள் சூட்டில், ஒவ்வோர் அடிக்கும் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பி, 11 மி.மீ. வரும்வரை கழுத்தை இறக்குங்கள். கூர்விளிம்புக் கருவி இங்கே ஆகாது. அது இரும்பை மடித்துவிடும், அந்த மடிப்பிலிருந்தே பின்னால் விரிசல் ஓடும். பிறகு முனையைச் சதுரமாகவே மெலித்து, எண்கோணமாக்கி, கடைசியில் உருட்டுங்கள். சதுரத்திலிருந்து நேரே உருட்டப் போனால் நடுவில் கீறல் விழும். சிவப்பு மங்கியதும் அடிப்பதை நிறுத்திவிடுங்கள். மெல்லிய முளை கம்பியைவிட வேகமாகச் சூடேறும். உலையில் கண் மறந்தால் பொறி பறந்து எரிந்துபோகும். ஆறிய பின் அளந்தால் விட்டம் 9.7 மி.மீ. இருக்க வேண்டும். 10 மி.மீ. இரும்பு, சூட்டில் 0.1 மி.மீ.க்குச் சற்று மேல் விரியும். சூட்டில் இரும்பின் மேல் படியும் செதிலுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

இப்போது உங்கள் இடுக்குக்கு வருவோம். ஃபுல்லர் தோளின் அடியில் ஒரு வளைவை விட்டுச் செல்கிறது. அந்த வளைவு துளையின் விளிம்பில் இடிப்பதால்தான் தோள் உட்காரவில்லை. இதைச் சரிசெய்ய மங்கி டூல், அதாவது முளையில் மாட்டித் தோளை அடித்து மட்டமாக்கும் துளையுள்ள கருவி, வேண்டும். 40 மி.மீ. நீளமுள்ள கெட்டியான எஃகுத் துண்டில், பட்டையைத் துளைத்த அதே 10 மி.மீ. பிட்டால் முளையைவிட ஆழமாகத் துளையிட்டு, வாயில் 1 மி.மீ. சரிவு கொடுங்கள். ஆழம் குறைந்தால் முளை அடியில் முட்டி நசுங்கும். முளையை 25 மி.மீ.க்கு அறுத்த பிறகு, கம்பியை வைஸில் தோளுக்குக் கீழே 10 மி.மீ. வெளியே நிற்கும்படி பிடித்து, தோளை மஞ்சள் சூட்டில் வைத்து, டூலை மாட்டி, மேலிருந்து நேராக நாலைந்து பலமான அடி கொடுங்கள். தோள் மட்டமாகும், வேரில் 1 மி.மீ. வளைவு மட்டும் மிஞ்சும். அதை அரத்தால் ராவி எடுத்துவிடாதீர்கள், முளைக்கு வலு அங்கேதான். அதற்குப் பதிலாகப் பட்டைத் துளையின் உள்பக்க வாயிலும் 1 மி.மீ. சரிவு போடுங்கள்.

கேட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. தோள் முதல் தோள் வரை எல்லாக் கம்பிகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒன்று 1 மி.மீ. நீண்டாலும் பக்கத்துக் கம்பிகளின் தோள் பட்டையைத் தொடாது. எல்லாக் கம்பிகளுக்கும் முதல் முனையை முடித்துவிட்டு, அந்தத் தோளிலிருந்து அளந்தே மறுமுனைக்குக் குறியிடுங்கள். மங்கி டூல் அடியில் நீளம் சற்றுக் குறையும் என்பதால் ஒரு மாதிரிக் கம்பி அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

தலை தட்டும்போது முளையின் நுனி மட்டும் சிவந்திருந்தால் தலை விரியும், துளைக்குள் முளை பருக்காது. கேஸ் டார்ச்சால் வெளியே நிற்கும் பகுதி முழுவதையும் பட்டையின் மேல்முகம்வரை சூடேற்றி, முதல் அடிகளை நட்ட நடுவில் கனமாகக் கொடுங்கள். துளை நிரம்பிய பிறகே ஓரங்களை உருண்டைச் சுத்தியலால் வளைத்து இறக்குங்கள். ஆறும்போது முளை சுருங்கித் தோளை இன்னும் இறுக்கும். இத்தனைக்குப் பிறகும் கம்பி தன் அச்சில் சுழல்கிறது என்றால், அந்த இடத்துக்கு உருட்டு முளை போதாது. சதுர முளையும் சதுரத் துளையும் வையுங்கள்.