வாசகர் கேள்வி – பதில்: பழைய தோட்ட டிராக்டருக்குப் புதுப் பெயிண்ட்

கே: பல வருடம் ஷெட்டில் கிடந்த வீல் ஹார்ஸ் தோட்ட டிராக்டரைப் புதுப்பிக்க ஆசை. பானெட்டில் துரு, பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. தேய்த்துவிட்டு நேராக அடித்துவிடலாமா?
– வாசகர், டொங்காட் (தென்னாப்பிரிக்கா, டர்பன் அருகே)

ப: உப்புத்தாளை எடுப்பதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். பிசுக்கோடு தேய்த்தால் கிரீஸ் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு அடிக்கும் பெயிண்ட் அந்த இடங்களில் ஒட்டாமல் விலகி, சின்னச் சின்னக் குழிகளாக நிற்கும். டிகிரீசர் போட்டு பிரஷால் தேய்த்து வெந்நீரில் கழுவுங்கள். காய்ந்ததும் ஒரு துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்து, அது உலர்வதற்குள் சுத்தமான இன்னொரு துணியால் வழித்தெடுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். முகமூடி கட்டாயம். வழியும் சேற்றைக் கீரைப் பாத்திப் பக்கம் விடாதீர்கள். துருவுக்கு 80 நம்பர் தாள், பெயிண்டின் விளிம்பு தெரியாமல் சரிய 180, பிரைமருக்கு மேல் 320, கடைசிக் கோட்டிங்குக்கு முன் ஈரத்தோடு 400.

பிராக்கெட், பெடல் போன்ற சிறு இரும்புச் சாமான்களை மின்சாரத்தால் துருநீக்கலாம். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் நான்கைந்து மேசைக்கரண்டி சலவை சோடா கரையுங்கள். 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் உங்கள் சாமானுக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் சாமான்தான் கரையும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டவே வேண்டாம், தண்ணீர் விஷமாகிவிடும். அலுமினியத்தை வாளிக்குள் போடாதீர்கள். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், ஆகவே வாளி வெளியே காற்றோட்டத்தில் இருக்கட்டும். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள். எடுத்ததும் கழுவி, சூடுகாட்டி உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது.

கே: சாயங்காலம் எனாமல் அடித்தேன். அப்போது கண்ணாடி போல இருந்தது, காலையில் பார்த்தால் பளபளப்பே இல்லை. சில இடங்களில் கறுப்புப் புள்ளிகள் வேறு.
– வாசகர், வெருலம்

ப: மங்கியது பனியால். பெயிண்ட் இறுகுவதற்குள் இரும்பு குளிர்ந்து, அதன்மேல் ஈரம் படிந்துவிட்டது. டர்பன் பக்கம் இந்த வேலைக்கு ஏற்ற காலம் நம் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதுவும் காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இடையில். புரட்டாசி பிறந்தால் மழை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் ஒரு நாள் திடீரென்று அனலாக வீசும் பெர்க் காற்றைப் பார்த்து, 'நல்ல வெயில்' என்று பெயிண்ட் தெளிக்கும் கன்னைத் தூக்காதீர்கள். பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி நிற்கும், தூசியும் ஒட்டும். அந்தக் காற்றின் பின்னாலேயே பெரும்பாலும் ஈரக்குளிர் வந்து சேரும்.

கறுப்புப் புள்ளிகள் கரும்பு எரித்த கரியாக இருக்கலாம். உங்கள் பக்கம் வெட்டுக்காலத்தில் அது வானத்திலிருந்து விழுவது உங்களுக்குத் தெரியாததா! கராஜ் கதவை மூடி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள், ஆனால் தின்னர் ஆவி வெளியேற ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். கீஸர், அடுப்பு நெருப்பு அருகில் இருக்கக் கூடாது. மங்கியதை இரண்டு வாரம் காயவிட்டு, 400 தாளால் தேய்த்து மறுபடி அடித்தால் போதும். உரிக்க வேண்டியதில்லை.

கே: இரண்டாவது கோட்டிங் அடித்ததும் கீழே இருந்த பெயிண்ட் சுருங்கி எழும்பிவிட்டது. மலிவு பெயிண்ட் காரணமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

ப: பெயிண்டைக் குறை சொல்வதற்கில்லை, நேரம்தான் காரணம். எனாமல் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாக இருக்கும்போது அடுத்த கோட்டிங் போட்டால், அதன் தின்னர் கீழே இறங்கி ஊதவைத்துவிடும். டப்பாவில் எழுதியுள்ள சில மணி நேரத்துக்குள் அடுத்ததை முடியுங்கள். தவறினால் அவர்கள் சொல்லும் நாள்கணக்கு வரை பொறுங்கள். சுருங்கியதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கன் 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடும்படி போகட்டும். கரண்ட் தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கம்ப்ரசரைப் போடுவதும் நல்லது.

கே: எல்லாம் மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம் மட்டும். பேட்டரி புதுசு.
– வாசகர், ஃபீனிக்ஸ்

ப: பெரும்பாலும் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) போகாததுதான் காரணம். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் வயர் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் சந்தேகமே வேண்டாம், புதுப் பெயிண்ட்தான் மின்சாரத்தைத் தடுக்கிறது. எர்த் வயர் போல்ட், இன்ஜின் உட்காரும் இடம், ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சாலினாய்டின் அடிப்பாகம் மூன்றிலும் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு முடுக்குங்கள். துருப்பிடிக்காமல் மேலே வாசலின் தடவலாம். ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் உள்ள மாடலில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் அடியையும் பாருங்கள்; அங்கே எர்த் இல்லாவிட்டால் சார்ஜ் ஏறாது. பளபளப்பை விரும்பும் கண்ணுக்கு இந்த இடங்கள் உறுத்தும். உறுத்தட்டும். இன்ஜினின் குளிர்விக்கும் தகடுகளிலும் பெயிண்ட் கனமாக ஏறியிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சூடு வெளியேறாது.

கே: கார் பெயிண்ட் போல ஹார்டனர் கலந்து வீட்டிலேயே அடிக்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: வெளியிலிருந்து குழாய்வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி இருந்தால் மட்டும். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். சாதாரண முகமூடியை நம்பி இறங்கக் கூடாது. இல்லையென்றால் ஹார்டனர் இல்லாத எனாமல். பிரைமர் ஒரு லிட்டர், மேல் வண்ணம் ஒரு லிட்டர், சக்கரத்துக்கு அரை லிட்டர் தாராளம். வண்ணம் பொருந்த, வெயில் படாத சீட்டின் அடிப்பாகத்தைத் துடைத்து, அந்தப் பாகத்தையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.