இனிமையான குரல் போதுமா?

கேள்வி: பார்வையற்றவர்களுக்காகப் பேசும் செயலி ஒன்றை நண்பர்கள் சேர்ந்து செய்கிறோம். குரல் இனிமையாக இருந்தால் போதும்தானே?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: போதாது, இனிமையெல்லாம் கடைசிக் கவலை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானோடு பழகியவர்கள் பலர் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் கேட்பார்கள், அவர்களிடம் போய் "வணக்கம், நான் உங்களுக்கு..." என்று செயலி இழுத்தால் எரிச்சல்தான் வரும். நடுவில் குறுக்கிட்டு நிறுத்த வழி வேண்டும். அப்புறம், பணம் அனுப்பும்போது "சரியா?" என்று மொட்டையாகக் கேட்காமல், "ஐநூறு ரூபாய், அண்ணாச்சி கடைக்கு, அனுப்பவா?" என்று கேளுங்கள், திரையைப் பார்த்துச் சரிபார்க்க அவரால் முடியாதே. பஸ் ஸ்டாண்டில் ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது கொடுமை. என்விடிஏ திரைவாசிப்பானை 2006-இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். உங்கள் குழுவில் அப்படி யாராவது இருக்கிறார்களா?