லேபில் கீபோர்டு யார் கையில்?

அன்புள்ள சார்,

நெல்லைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித்துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சென்ற வாரம் எங்களுக்கு அரைநாள் பயிற்சி நடந்தது. கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட் வைத்து, நமக்கே தெரியாமல் பெண்களுக்கு எதிரான பாரபட்சம் நம் மனதில் இருக்கிறது என்றார்கள். என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். முதல் மதிப்பெண்ணும் அவர்கள்தான். நான் யாரையும் பிரித்துப் பார்த்ததில்லை. அமெரிக்கப் பிரச்சினையை நம் தலையில் கட்டுகிறார்களோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வேண்டுமென்று யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதை அப்படியே நம்புகிறேன். அந்த டெஸ்ட் மேல் வந்த கோபத்திலும் நியாயம் உண்டு. நமக்கே தெரியாத இந்தப் பாரபட்சத்தை மாற்றப் பார்த்த ஆய்வுகள் ஏறத்தாழ 500ஐ 2019இல் தொகுத்துப் பார்த்தார்கள். டெஸ்டில் வரும் மதிப்பெண்ணைக் கொஞ்சம் மாற்ற முடிகிறது, ஆனால் அதனால் ஆட்கள் நடந்துகொள்ளும் விதம் மாறியதாகத் தெரியவில்லை.

ஆனாலும் பிரச்சினை நம் ஊரிலும் இருக்கிறது. லேபுக்குள் பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் என்றால் பையன் கீபோர்டில், பெண் அப்சர்வேஷன் நோட்டில். பையனுக்கு எர்ரர் வந்தால் "நீயே தேடிப் பாரு" என்கிறோம். அதே எர்ரர் அவளுக்கு வந்தால், பாவம் என்று மவுஸை வாங்கி நாமே சரிசெய்து கொடுத்துவிடுகிறோம். அக்கறையோடு செய்வதால்தான் இது நம் கண்ணில் படுவதே இல்லை. செமஸ்டர் முடிவில் அவள் நல்ல மதிப்பெண் வாங்குவாள், பிழையைத் தானே தேடிப் பிடிக்கும் பழக்கம் மட்டும் வந்திருக்காது. முதல் மதிப்பெண்ணை வைத்து நீங்கள் நிம்மதியடைவதில் எனக்குள்ள தயக்கம் இதுதான்.

2012இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே விண்ணப்பத்தை ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள். அந்தப் பேராசிரியர்கள் ஆண் பெயருக்குத் திறமை கூடுதல் என்றார்கள், சம்பளமும் கூடுதலாகச் சொன்னார்கள். பெண் பேராசிரியர்களும் அப்படியேதான் செய்தார்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம் என்பேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆங்கில வாக்கியத்தைத் தேடி அவன் திணறும் அந்த இரண்டு நொடிக்குள் 'லாஜிக் தெரியாதவன்' என்று முடிவுகட்டி, அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டுவிடுகிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் பல வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும், எதற்கும் வாய் திறக்காத பிள்ளைகளிடமிருந்து பதில் வரத் தொடங்கியது.

சரி, என்ன செய்யலாம்? கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் 2006 வாக்கில் கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்கள் 10 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். முன்பே கோடிங் தெரிந்தவர்களையும் புதிதாக வந்தவர்களையும் தனித்தனிப் பிரிவாக உட்கார வைத்தார்கள். வகுப்பில் தன் அறிவைக் காட்டி மற்றவர்களை மிரட்டும் மாணவனை ஆசிரியர் தனியே கூப்பிட்டு, "உன் கேள்விகள் பிரமாதம், அதை என் அறையில் வந்து பேசலாம்" என்ற மாதிரி சொல்லிவைத்தார். வேறு மாற்றங்களும் செய்தார்கள். சில ஆண்டுகளில் பெண்களின் பங்கு 40 சதவீதத்தை எட்டியது.

உங்கள் லேபில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கைமாற வேண்டும் என்று விதி வையுங்கள். வைவாவில் முதல் பதிலைத் தமிழில் சொல்ல விடுங்கள். அப்புறம், சக ஆசிரியர் ஒருவரைப் பெயர்ப் பட்டியலோடு ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். யாரைக் கூப்பிட்டீர்கள், யாரிடமிருந்து மவுஸை வாங்கினீர்கள் என்று அவர் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். அடுத்த வாரம் அவர் வகுப்பில் நீங்கள் உட்காருங்கள். அந்தத் தாள் உங்கள் இருவரிடம் மட்டுமே இருக்கட்டும். துறைத் தலைவர் கைக்கும் அப்ரைசல் ஃபைலுக்கும் போகும் என்று தெரிந்தால், உள்ளதை உள்ளபடி யாரும் குறிக்க மாட்டார்கள்.

அன்புடன்