மாங்கூழ், கல், பட்டு: துறைமுகம் இல்லாத ஊரின் கப்பல் கேள்விகள்

கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் கடல் கிடையாது. இருந்தும் இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே கப்பலைச் சுற்றித்தான்.

கே: செங்கடலில் சண்டை என்றால் என் தோப்பு பெங்களூரா மாங்காய்க்கு ஏன் விலை குறைய வேண்டும்?
– விவசாயி, காவேரிப்பட்டணம்

ஆலை வாசலில் விலை சொல்பவர் உங்கள் காயை மட்டும் பார்ப்பதில்லை. தன் கிடங்கையும் மனத்தில் வைத்துத்தான் பேசுகிறார். அசெப்டிக் பையில், அதாவது கிருமி நீக்கிய பையில், அடைத்த மாங்கூழ், குளிர்பதனம் இல்லாமலே ஒன்றரை ஆண்டு தாங்கும். அந்த வசதியே உங்களுக்கு வினை. போன பருவத்துக் கூழ் பீப்பாய்களில் தேங்கி நின்றால், இந்த ஆண்டு காய் வாங்க ஆலைக்கு அவசரம் இராது. நம் கூழை அதிகம் வாங்கும் நாடுகளில் சவூதி அரேபியா, ஏமன், நெதர்லாந்து உண்டு. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியதும் ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின, வாடகை ஏறியது. வாடகை ஏறினால் வாங்குபவர் கூழுக்கு விலை குறைத்துக் கேட்பார். ஒரு டன் பழத்தில் கூழாகத் தேறுவது ஏறத்தாழ பாதி. ஆகவே கூழ் விலை கிலோவுக்கு 2 ரூபாய் இறங்கி, ஆலை அதை அப்படியே உங்கள் தலையில் இறக்கினால், பழத்துக்கு 1 ரூபாய் போயிற்று. பூ விடும்போதே நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து ஆலையுடன் எழுத்தில் ஒப்பந்தம் போடப் பாருங்கள். எந்த மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று குறித்தும் வையுங்கள். மருந்து எச்சம் மிகுந்தால் ஐரோப்பா சரக்கைத் திருப்பிவிடும்.

கே: ஏற்றுமதி செல்வம், இறக்குமதி நஷ்டம் என்று படித்தேன். சரியா?
– கல்லூரி மாணவி, தர்மபுரி

பாதி சரி என்றுகூடச் சொல்ல மாட்டேன். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் இறக்குமதியைக் கழிப்பது தண்டனை அன்று. மக்கள் செலவிலும் தொழில் முதலீட்டிலும் அது முன்பே சேர்ந்துவிட்டதால் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். ஓசூரிலிருந்து 100 ரூபாய்ப் பொருள் ஒன்று வெளிநாடு போகிறது, அதில் 60 ரூபாய்க்கு உதிரிபாகம் வெளியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தங்குவது 40: கூலி, லாபம், வரி. பக்கத்துப் பட்டறையே அந்த உதிரிபாகத்தில் 10 ரூபாய்க்குச் செய்து கொடுத்தால் தங்குவது 50 ஆகும். ஏற்றுமதித் தொகை பெரிதாக வந்த செய்தியைப் படித்து மகிழ்வதைவிட, இந்தத் தங்கும் பங்கைத் தேடிப் பாருங்கள். அது தலைப்புச் செய்தியில் வராது.

கே: கிரானைட்டை பிளாக்காகவே விற்கிறேன். அறுத்து மெருகேற்ற இத்தாலி இயந்திரம் வாங்கலாமா?
– குவாரி உரிமையாளர், பர்கூர்

கல்லை பிளாக்காக அனுப்பினால் மெருகேற்றும் கூலியும் வேறு ஊருக்குப் போகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் என் வருத்தத்துக்காக நீங்கள் கடன் வாங்க வேண்டாம். ஈ.பி.சி.ஜி. என்னும் ஏற்றுமதியாளருக்கான மத்திய அரசுத் திட்டத்தில் சுங்க வரியின்றி இயந்திரம் இறக்கலாம். பதிலுக்கு, மிச்சமான வரியைப்போல் 6 மடங்குக்கு 6 ஆண்டுகளில் ஏற்றுமதி செய்தாக வேண்டும். தவறினால் வரியும் வட்டியும் சேர்ந்து வரும். ஆர்டர் கையில் இருந்தால் இறங்குங்கள். மச்சான் சொன்னார் என்பதற்காக வேண்டாம்.

கே: சீனப் பட்டுநூலை நிறுத்தினால் என்ன?
– பட்டுக்கூடு வளர்ப்பவர், பாலக்கோடு

தர்மபுரி அங்காடியில் கூடு விலை ஏறும்; நெசவாளர் வீட்டில் தறி நிற்கும். இரண்டும் நம் மக்களே. வரியைக் கூட்டிக் குறைப்பது அரசின் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது வெண்கூட்டின் தரம்.

கே: புளி ஏற்றுமதிக்கு என்னென்ன பதிவு?
– மகளிர் குழு, ஊத்தங்கரை

இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், நறுமணப் பொருட்கள் வாரியப் பதிவு. புளி அந்த வாரியத்தின் பட்டியலில்தான் வருகிறது. குறியீட்டு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே முடியும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்ய மறந்தால் எண் முடங்கிவிடும். இதற்குத் தரகர் யாராவது 5,000 கேட்டால், காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.