கடனோடு பதவியேற்கும் முதல்வர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் அரசியல் நாவலைப் படித்து முடித்தேன். புதிதாகப் பதவியேற்கும் முதல்வரை மறைவிலிருந்து ஆட்டுவிப்பவர்கள் ஒரு கள்ளுக் கான்ட்ராக்டர், ஒரு வட்டிக்காரர், முதல்வரின் தனிச்செயலாளர் ஆகிய மூவர்தாம் என்று தெரிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. 1959இல் கேரளத்தின் முதல் அமைச்சரவை கவிழ்ந்ததில் அமெரிக்கப் பணம் உண்டு என்று எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் பேசுவார்கள். அத்தகைய பெரிய கையைக் காட்டியிருக்கக் கூடாதா? உங்கள் நாவலின் முதல்வர் குற்றவாளியா, பலியானவரா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை.

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்கப் பணம் பற்றிய பேச்சை வெறும் வதந்தி என்று தள்ள முடியாது. இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகக் கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் காங்கிரசுக்கு அமெரிக்கா பணம் கொடுத்ததாக 1978இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் 1957 ஏப்ரலில் கேரளத்தின் கம்யூனிஸ்ட் முதல்வராகப் பதவியேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டை எவராலும் ஆட்டுவிக்க முடியவில்லை. அதனால்தான் அவர் வீழ்த்தப்பட்டார் என்பது என் எண்ணம். தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்த அவர் அரசு கொண்டுவந்த கல்வி மசோதாவை எதிர்த்த பள்ளி நிர்வாகிகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சமுதாயத் தலைவர் மன்னத்து பத்மநாபனும் ஊரறியத் தெருவில் நின்றார்கள். 1959 ஜூலை 31 அன்று அரசியலமைப்பின் 356ஆம் பிரிவின்படி ஆட்சி கலைக்கப்பட்டதும் நாடறிய நடந்தது. ஒருவரைப் பதவியில் அமர்த்திவைத்துக்கொண்டே ஆள்வதற்குத்தான் மறைவு மிகுதியும் தேவைப்படுகிறது. நான் எழுத விரும்பியது அதைத்தான்.

நம் பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. கட்சியின் செலவுக்கோ உச்சவரம்பு கிடையாது. கொடுத்தவர் பெயரை வாக்காளரிடமிருந்து மறைத்த தேர்தல் பத்திரத் திட்டமும், 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை நடைமுறையில் இருந்தது. தேர்தல் செலவுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்காரர் நாவலுக்குள் வர இவையே போதும்.

கள்ளுக் கான்ட்ராக்டரை நீங்கள் சிறியவராக நினைப்பது எனக்கு வியப்பளிக்கிறது. உங்கள் தாலுகாவிலிருந்து பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. அதைக் கொண்டுசெல்லும் பெர்மிட் தாமதமானால் கள் புளித்துவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வேண்டியது கொள்கை மாற்றம் அன்று, நேரத்துக்கு ஒரு கையெழுத்து. தனிச்செயலாளர் எந்தக் கோப்பையும் ஒளிப்பதில்லை, யாரையும் மிரட்டுவதில்லை. எது முதலில் முதல்வரின் மேசைக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறார். பெர்மிட் கோப்பு அன்றே மேலே போகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்க வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரைக் கேட்டுத் தமிழகத்துக்கு எழுத வேண்டிய கடிதம் அடியில் கிடக்கிறது. அதற்குள் நெற்பயிர் கருகிவிடுகிறது. வெளிநாட்டு உளவாளி ஒருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினால், இந்த மேசையை வாசகர் கவனிக்கவே மாட்டார்.

முதல்வர் குற்றவாளிதான். அவருக்குப் பெரும்பான்மை இருந்தது. அந்தக் கோப்பை எடுத்து வரச் சொல்ல ஒரு வாய்ச்சொல் போதும். கேட்டால் தம் கடன் வெளியே வரும் என்று அஞ்சி அவர் கேட்கவில்லை. பலியானவர்கள் அந்த விவசாயிகள். அவர்கள் அவரைச் சந்திக்க வரும் அத்தியாயத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கடிதம் எங்கே கிடக்கிறது என்பது அப்போதே அவருக்குத் தெரியும்.