ஒரு கேடயத்துக்காக 40 பேர் ஏன் கூடுகிறார்கள்? ரெய்டு பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து பல ஆண்டுகளாக ஒன்லைன் ஆர்பிஜி விளையாட்டுகளில், அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று அதை வளர்த்து விளையாடும் விளையாட்டுகளில், ஹீலராக (கூட்டாளிகளின் காயத்தை ஆற்றுபவராக) விளையாடி வருகிறேன். கியர் (வாள், கவசம் போன்ற பொருள்கள்) சேர்ப்பது குறித்தும், பலர் கூடிப் பெரிய எதிரிகளை வீழ்த்தும் ரெய்டு குறித்தும் வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வவுனியா, மாணவர்: அண்ணா, வாரந்தோறும் அதே பொஸ்ஸை, அந்தப் பெரிய எதிரியைக் கொன்று ஒரு வாளையோ கேடயத்தையோ பெறுகிறீர்கள். விளையாட்டின் அடுத்த விரிவாக்கம் வந்ததும் அது பயனற்றுப் போகிறது. பிறகு எதற்காக இந்தப் பாடு?

தம்பி, பயனற்றுப் போவது உண்மைதான். ஆனால் கையில் இருக்கும் காலத்தில் அந்தப் பொருள் ஒரு திறவுகோல். 2004 இல் வெளியான வேர்ள்ட் ஒஃப் வார்கிராஃப்டில் மோல்டன் கோர் என்ற ரெய்டுக்கு 40 பேர் வரை செல்லலாம். நெருப்பைத் தாங்கும் கியர் சேர்க்காத குழுக்கள் அதன் இறுதி பொஸ்ஸான ரக்னரோஸிடம் மிகவும் திணறின. அடுத்து வந்த பிளாக்விங் லேர் என்ற ரெய்டில் நெஃபாரியன் என்ற பொஸ்ஸின் நிழல்நெருப்புக்குத் தப்ப, ஒனிக்சியா என்ற டிராகனின் செதிலால் செய்த மேலங்கி ஒவ்வொருவருக்கும் தேவைப்பட்டது. அதனால் மேலங்கி இல்லாத ஒருவருக்காக மற்றவர்களும் ஒனிக்சியாவிடம் மீண்டும் சென்றார்கள். உங்கள் கியரை உங்களைவிடக் கூடுதலாக எதிர்பார்த்திருப்பவர்கள் உங்கள் குழுவினர்தான் என்பது அங்கேதான் புரியும்.

எல்லோரும் ஒரே காரணத்துக்காக விளையாடுவதில்லை. விளையாட்டு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996 இல் வீரர்களைச் சாதிப்பவர், தேடி அறிபவர், பழகுபவர், பிறரை வீழ்த்துபவர் என நான்காகப் பிரித்தார். ஆய்வாளர் நிக் யீ 2006 இல் சாதனை, உறவு, கதையுலகில் ஆழ்தல் என மூன்று பெரும் உந்துதல்களைக் காட்டினார். சாதிக்க வந்தவரும் பழக வந்தவரும் ஒருவரையொருவர் விட்டுவிட முடியாத இடம் ரெய்டு என்பதால்தான் அது இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பரந்தன், விவசாயி: 40 பேர் போய் மூன்று பொருள் விழுந்தால் எப்படிப் பங்கிடுவீர்கள்? அடிபட மாட்டீர்களா?

ஐயா, அடிபட்டிருக்கிறோம். நான் முதலில் இருந்த குழுவில் பகடை உருட்டித்தான் கொடுத்தோம். மாதக்கணக்காக ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த ஒருவர் காத்திருந்த கைத்தடி, அன்றைக்குத்தான் முதன்முறையாக வந்தவருக்கு விழுந்தது. காத்திருந்தவர் எதுவும் பேசாமல் வெளியேறினார். அவரோடு இன்னும் மூவர் போனார்கள். அந்தக் குழு பிறகு எழும்பவே இல்லை.

இந்தச் சிக்கல் 1999 இல் எவர்குவெஸ்ட் வந்த காலத்திலேயே தொடங்கியது. அங்கிருந்த கில்டுகள் எனப்படும் நிலையான வீரர் குழுக்கள்தான் 'டிராகன் கில் பொயின்ற்ஸ்' என்ற முறையை உருவாக்கின. ரெய்டுக்கு வந்தால் புள்ளி, பொஸ் விழுந்தால் புள்ளி, பொருள் வேண்டுமென்றால் அந்தப் புள்ளியைச் செலவழிக்க வேண்டும். விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் தராத ஒரு நாணயத்தை வீரர்கள் தாமே ஆக்கிக்கொண்டது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இரணைமடுக் குளத்தை நம்பி வயல் செய்யும் உங்களுக்கு இதன் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை. குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாத சிறுபோகத்தில், எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு என்ன பங்கு என்பதை விதைப்புக்கு முன்பே கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறீர்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்த பின் பேசத் தொடங்கினால் மண்வெட்டிதான் பேசும். ரெய்டிலும் பொஸ் விழுவதற்கு முன்பே விதி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புள்ளி முறையிலும் குறை உண்டு. பழையவர்கள் புள்ளியைச் செலவழிக்காமல் குவித்து வைத்தால் புதியவர்களுக்கு எதுவும் கிடைக்காது. ஆகையால் நாங்கள் வாரந்தோறும் எல்லோருடைய புள்ளியிலும் ஒரு பகுதியைக் குறைத்து வந்தோம். சில கில்டுகளில் மூத்தவர்கள் சிலர் கூடி, யாருக்குக் கொடுத்தால் குழுவுக்கு நன்மை என்று தீர்ப்பார்கள். அந்த மூத்தவர்கள் நேர்மையானவர்களாக இருந்தால் அதைவிடச் சிறந்த முறை இல்லை.

மாங்குளம்: காசு கொடுத்துக் கியர் வாங்கினால் என்ன?

கியரை வாங்கலாம்; சண்டைப் பழக்கத்தை வாங்க முடியாது. பொஸ்ஸின் அசைவு தெரியாதவர் எவ்வளவு நல்ல கவசம் அணிந்திருந்தாலும் முதல் நிமிடத்தில் விழுவார், அவரை நம்பி நின்ற மற்றவர்களும் விழுவார்கள்.

முள்ளியவளை, ஒரு தாய்: தம்பி, இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மகன் "இப்ப நிப்பாட்ட ஏலாது" என்கிறான். இது உண்மையா, சாட்டா?

அம்மா, சண்டை நடக்கும்போது அது உண்மை. இடைநிறுத்தும் பொத்தான் அங்கே கிடையாது. வார்கிராஃப்டின் மிகக் கடினமான நிலையில் சரியாக 20 பேரும், ஃபைனல் ஃபேன்டசி 14 இன் கடினமான ரெய்டில் 8 பேரும் வேண்டும். எதிரியைத் தன்பக்கம் இழுத்துத் தாங்குபவரோ ஹீலரோ எழுந்து போனால் மற்றவர்கள் எல்லோரும் தோற்பார்கள். ஆனால் ஒழுங்கான குழு எந்த நாளில், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பதை முன்பே எழுதி வைத்திருக்கும். அந்த நேர அட்டவணையை மகனிடம் கேளுங்கள். அட்டவணை இருந்தால் சாப்பாட்டை அதற்கு முன் வைக்கலாம்.

அட்டவணையே இல்லாமல், தனியாக இருந்து, அரிய பொருள் விழும் என்று விடிய விடிய அதே எதிரியைக் கொன்று கொண்டிருந்தால் அது வேறு விடயம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, ஒழுங்காகக் கிடைக்கும் பரிசைவிட விடாப்பிடியாக மனிதரை இழுக்கும் என்பது உளவியலில் ஸ்கின்னர் காலத்திலிருந்தே அறியப்பட்டது. அப்போது நீங்கள் கவலைப்படுவதும் தலையிடுவதும் சரியே.

முல்லைத்தீவு, மாணவி: அண்ணா, என்னிடம் கியர் இல்லை, இணையமும் அடிக்கடி விழும். எந்தக் குழுவாவது சேர்க்குமா?

சேர்க்கும், தங்கச்சி. பழகுநர் குழுக்களையே முதலில் தேடுங்கள். இலகுவான நிலையில் விழும் கியரே தொடக்கத்துக்குப் போதும். ஒருவர் இல்லாவிட்டாலும் குழு சமாளிக்கக்கூடிய தாக்கும் பாத்திரத்தை எடுங்கள். இணைப்பு நிலையை மறைக்காமல் தலைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2022 இல் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வெட்டு நேரம் அறிவிக்கப்பட்டவுடனே என் குழுவுக்கு அனுப்பிவிடுவேன். அவர்கள் எனக்குப் பதிலாக வேறொரு ஹீலரை அழைப்பார்கள், மின்சாரம் வந்த நாளில் என் இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரு முறைகூட அதற்காக யாரும் என்னைக் கடிந்ததில்லை.