குட்டிக் குட்டி அடி

கேள்வி: வயது 42, உயரம் 5 அடி 11 அங்குலம். ஆறு மாதமாகக் காலையில் ரேஸ் கோர்ஸில் ஓடுகிறேன். பையன் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் வீடு திரும்பிவிடுவேன். டிசம்பரில் 10 கிலோமீட்டர் ஓட ஆசை. வாட்ச் என் கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு வைக்கும் அடிகள், 154 என்று காட்டுகிறது. 180 இருந்தால்தான் சரியான ஓட்டம் என்கிறார்கள். தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பில் 180 வைத்து ஓடினால் பத்தே நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது. இரண்டு மாதமாக வலது முழங்காலில் வலி வேறு. முதலில் மனைவியும் கூட ஓடினாள். குட்டிக் குட்டி அடியாக வைப்பாள், என் வேகம் கெட்டது. மூன்று மாதமாகத் தனியாகப் போகிறேன், அவள் இப்போது வருவதில்லை. கேடன்ஸை எப்படி ஏற்றுவது?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: மூன்று மாதமாகத் தனியாக ஓடுகிறீர்கள். இரண்டு மாதமாக முழங்கால் வலிக்கிறது. இரண்டையும் எழுதியது நீங்கள்தான், தம்பி. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மனைவியோடு ஓடியவரை நீங்களும் அடியைக் குறுக்கித்தான் வைத்திருப்பீர்கள். தனியானதும் வேகம் வேண்டுமென்று எட்டி எட்டி வைக்க ஆரம்பித்திருப்பீர்கள். உயரமானவர்கள் பலர் இதில் மாட்டிக்கொள்வதை வருஷக்கணக்கில் பார்க்கிறேன். பாதம் உடம்பைத் தாண்டி முன்னால் போய் விழும். முழங்கால் மடங்காமல் நீட்டி நிற்க, குதிகால் தரையில் மோதும். ஒவ்வொரு அடிக்கும் நீங்களே பிரேக் போட்டுக்கொள்கிறீர்கள். அந்த அடியை வாங்குவது முழங்கால்.

180 எங்கிருந்து வந்தது? 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணினார். 46 பேரில் ஒரே ஒருவர்தான் நிமிடத்துக்கு 180-க்குக் கீழே. அவர்கள் பந்தயத்தில் பறந்துகொண்டிருந்தவர்கள். வேகம் ஏறினால் அடியின் எண்ணிக்கையும் தானாக ஏறும். 2016-ல் ஸ்பெயினில் நடந்த 100 கிலோமீட்டர் உலகச் சாம்பியன்ஷிப்பில் முன்னணியில் வந்தவர்களை ஆராய்ந்தபோது, ஒருவருக்குச் சராசரி 155, இன்னொருவருக்கு 203. ஆகவே 154 ஒரு குற்றமே இல்லை. வலி இருப்பதால்தான் மாற்றச் சொல்கிறேன்.

அதுவும் 162 வரைதான், அதாவது 5 சதவீதம். வேகத்தை அப்படியே வைத்து அடிகளை மட்டும் 5, 10 சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறைகிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். நீங்கள் செய்தது வேறு. அடியின் நீளத்தைக் குறைக்காமல் 180-க்குத் தாவினால் வேகம் 17 சதவீதம் கூடிவிடும். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

மெட்ரோனோமை 162-ல் வைத்து ஒரு நிமிடம் ஓடுங்கள், அடுத்த இரண்டு நிமிடம் இயல்பாக விடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போதும். வாட்சையும் பார்க்க வேண்டாம். வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். கெண்டைக்கால் பிடிக்கலாம். அது பழகும்வரை தூரத்தைக் கூட்டாதீர்கள். படி ஏறும்போதும் முழங்கால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி உங்கள் கடிதத்தின் இன்னொரு வரிக்கு வருகிறேன். "அவள் இப்போது வருவதில்லை." ஏன் வருவதில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டீர்களா? வாட்ச் காட்டிய எண் மட்டும் நினைவிருக்கிறது. நம் வீடுகளில் ஒரு பெண் விடிவதற்குள் ஷூ மாட்டிக்கொண்டு வெளியே இறங்குவது லேசான காரியமா? அடுப்பையும் பையனின் பள்ளியையும் மனசுக்குள் ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் அவர் உங்களோடு வந்தார். நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்தார். கழற்றி விட்டீர்கள், வீட்டோடு நின்றுவிட்டார். உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ள ஓடுகிறீர்கள். அவருக்கு உடம்பு இல்லையா? தாலி கட்டியவருக்கு இதில் கடமை இருக்கிறது என்று நம்புகிறவன் நான். மனைவியை அடுப்படியில் விட்டுவிட்டு ஒருவர் மட்டும் ஆரோக்கியமாகிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாரத்தில் மூன்று நாள் அவரோடு, அவருடைய வேகத்தில் ஓடுங்கள். எந்தக் குட்டி அடி உங்களுக்குத் தொந்தரவாக இருந்ததோ, அதைத்தான் இப்போது மெட்ரோனோம் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கால் எத்தனை அடி வைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஓடுவதைப் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பாதம் இடுப்புக்குக் கீழே விழுகிறதா, முன்னால் போய் விழுகிறதா என்று அவரே சொல்லிவிடுவார்.

ஆனால் காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே "வர்றியா?" என்று கேட்காதீர்கள். "நீங்க போய்ட்டு வாங்க" என்றுதான் பதில் வரும். இன்று ராத்திரியே உட்கார்ந்து, விட்டுப்போனது தப்பு என்று சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போதே நாளைக்கு வேண்டிய காயை எடுத்து நறுக்க ஆரம்பியுங்கள். பையனின் டிபன் பாக்ஸும் இனி உங்கள் வேலை.